பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்

நம்மைப் போல ஓசூர் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே சத்தம் போடக்கூடாது. எந்த நேரத்திலும் கூடாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். ஏதாவது ஓர் அறையில் யாராவது ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். பாண்டி ஆடினால் திட்டு, ஸ்கிப்பிங் ஆடினால் திட்டு, பலமாகத் தும்மினால்கூடத் திட்டு. இப்போது நாற்பதை நெருங்கி, முழங்காலை மடக்கினால் அதுவே சத்தம் போடுகிற நிலைமைக்கு வந்த பிறகும், பகலில் கதவைக் கையால் பிடித்து மெதுவாகத்தான் சாத்துகிறேன். நீங்களும் அப்படித்தான் சாத்துவீர்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் என் மாமா ராப் பாடுவது என்று முடிவு செய்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அவரை வரவழைத்து, தன் கம்பெனியிலேயே ட்ரெய்னியாகச் சேர்த்துவிட்டவர் அப்பா. இன்றைக்கு அவரை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடி, எந்த மியூசிக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போடாமல் தானே வெளியிடுகிற ஆள். "ஆன்ட்டி, அவரு நெஜமாவே உங்க மாமாவா?" என்று அந்தப் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்கும்போது எனக்குப் பெருமை வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் எனக்காக வாங்கியது.

நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். "பாப்பா படிப்புக்கு" என்று சொல்லி அப்பா பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பழுப்பேறிய டப்பா, பின்பக்கம் பெருத்த மானிட்டர், மேஜை முழுக்க இழுத்தால்தான் நகரும் மவுஸ். அம்மா மிச்சமிருந்த பூப்போட்ட நைட்டித் துணியில் அதற்கு உறை தைத்தாள். முதல் வாரம் நான் அதில் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன் வரைந்தேன். இரண்டாவது வாரம் மாமா எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்து, பாட்டு செய்கிற சாஃப்ட்வேரை அதில் ஏற்றினார். அதோடு சரி. பிறகு நான் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் முதுகைத்தான் பார்த்தேன்.

அம்மாவுக்கு ராப் பிடிபடவே இல்லை.

"பாட்டுன்னா ஒரு ராகம் வேணாமாடா? இது என்னமோ பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு கூவுற மாதிரில்ல இருக்கு?"

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். மாமா அப்படியே யோசனையில் ஆழ்ந்தார். மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று, கண்டக்டர்கள் கூவுவதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். அந்த வாரமே "சூளகிரி சூளகிரி, ஏறு ஏறு கிருஷ்ணகிரி" என்று ஒரு பாட்டு தயார். "அக்கா, இது உன் ஐடியாதான்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். திட்டினால் திருந்துகிற ஆள் உண்டு, திட்டினால் அழுகிற ஆள் உண்டு. திட்டையே பாட்டாக்குகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாடிப் பதிவு செய்வதுதான் பெரிய பாடு. பகலில் தூங்குகிறவர்கள், மற்ற நேரத்தில் மிக்ஸி, மோட்டார், டிவி சீரியல். லைனில் எல்லாச் சத்தமும் அடங்குவது கரண்ட் போகும்போது மட்டும்தான். ஆனால் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடாது! இந்த அநியாயத்துக்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பேட்டரி போட்ட ஒரு டேப் ரெக்கார்டரை எப்போதும் தயாராக வைத்திருப்பார். கரண்ட் போன நொடியில் தட்டில் இருக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு, இடது கையால் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கம்பளிக்குள் புகுந்துவிடுவார். கரண்ட் வந்ததும் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவார். அந்தக் கம்பளியில் எந்நேரமும் ரசமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். அதைத்தான் எனக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஓனரம்மா வாசலில் வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு, கடைக்குப் போனால் கன்னடம், வாடகைக்காரர்களிடம் மட்டும் தமிழ் பேசுகிறவர். உள்ளே கம்பளி ஒன்று தானாகக் குலுங்கிக் குலுங்கிக் கத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உன் தம்பி போர்வைக்குள்ள யாரு கூட சண்ட போட்றான்?"

"சண்ட இல்லம்மா, பாட்டு."

"பாட்டா? அய்யோ தேவுடா! என் வீட்டுல இந்த மாதிரி பாட்டு வேணாம்ப்பா. அக்கம்பக்கம் ஏமனுகுண்டாரு, என்ன நெனப்பாங்க?"

மாமா கம்பளியை விலக்கி வேர்த்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். "அம்மா, அந்த அய்யோ தேவுடாவ மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க, இதுக்குப் பக்கத்துல" என்று ரெக்கார்டரை நீட்டினார். ஓனரம்மா மூன்று மாதிரி சொல்லிக் காட்டிவிட்டுப் போனார். திட்ட வந்ததையே மறந்துவிட்டார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள், கம்ப்யூட்டர் பாடத்துக்காகவாவது ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று போனால், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "எந்திரி மாமா! எனக்குப் பரீட்சை! இது எனக்கு வாங்குனது! எந்திரி!" அப்போது ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பாட்டின் தொடக்கத்தில் என் குரல் கீச்சென்று ஒலித்தது. அதற்குப் பின்னால் தாளம் தடதடவென்று வந்து விழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிரஸ் ஆபரேட்டர். தகட்டை வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி அடிக்கும். அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் ஓயாது. சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, நைட் ஷிஃப்ட் முடித்து மத்தியானம் தூங்கும்போது, வலது பாதம் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கும். மிதி, சற்றே நிறுத்தம், மிதி, மிதி. எங்களுக்கு அது பல்லி கத்துவது போலப் பழகிப்போயிருந்தது. மாமாதான் ஒரு நாள் அப்பாவின் பாதத்துக்குக் கீழே ஒரு தகரத் தட்டையும் பக்கத்தில் ரெக்கார்டரையும் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தார். அவருடைய எல்லாப் பாட்டும் அந்த வேகத்தில்தான் ஓடியது. அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் தட்டு பறந்திருக்கும். கம்ப்யூட்டரை அவர் "பாட்டுப் பொட்டி" என்றுதான் சொல்வார். மாமாவிடம் பேசினால் ஒரே பேச்சுதான்.

"மாப்ள, ஒழுங்கா வேலையப் பாரு. பெர்மனென்ட் ஆகுற வழியப் பாரு. வாயால கத்திப் பொழச்சவன் எவன் இருக்கான்?"

ஆனால் மாமாவுக்கு வேறொரு வழி திறக்கிற மாதிரி இருந்தது. பெங்களூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, மொத்தப் பாட்டையும் முடித்துக் கொண்டுவா, ஆயுத பூஜை லீவு முடிந்ததும் உட்காரலாம், நானே சிடி போட்டு வெளியிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். மாமாவின் உயிரே அதில்தான் இருந்தது. அது நடந்தால் பாடகர். நடக்காவிட்டால் ஆயுளுக்கும் ட்ரெய்னி. கம்பெனி பஸ் டிரைவர் வேறு தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு காப்பி குடுப்பா, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போடறேன் என்று. மாமா கொடுக்கவில்லை. "இன்னும் மிக்ஸிங் முடியலண்ணே." ஒரு சிடியில்கூட ஏற்றிவைக்கவில்லை. முடியாத பாட்டை வெளியே விடமாட்டாராம். இப்போது நினைத்தாலும் நாலு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனிக்குள் குடும்பத்தை விடுகிற ஒரே நாள் அதுதான், ஞாபகமிருக்கும். தூறலில் நனைந்துகொண்டே போனோம். எண்ணெய் வாசனையும் சாமந்தி வாசனையும் கலந்து வந்தன. அப்பா தன் பிரஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த ஓசூரில் அன்று மட்டும்தான் எந்த மிஷினும் ஓடாது. அந்த அமைதியில் யாரோ மாமாவைப் பிடித்துத் தள்ளினார்கள், பாடுறா என்று. மாமா ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"ஏ ஷிஃப்ட் போறேன், விடியல,
சி ஷிஃப்ட் முடிஞ்சும் விடியல,
பஸ்ஸுல தூங்குது பாதி ஊரு,
பக்கத்து சீட்டுக்காரன் பேரு தெரியல!"

முதலில் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். பிறகு கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், தமிழ் தெரியாதவர்களும் கத்தினார்கள். சூப்பர்வைசர் அப்பாவின் தோளில் தட்டி, "உங்க மச்சானா? சொல்லவே இல்ல?" என்றார். அப்பா பெரிதாகச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மாமா நண்பர்களோடு பின்தங்கிவிட்டார். நாங்கள் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தோம். வீட்டுப் பூஜை: அரிவாள்மணை, தையல் மிஷின், பைக், என் புத்தகங்கள். கம்ப்யூட்டரை அப்பா அதில் சேர்க்க மாட்டார் என்றுதான் நினைத்தோம். அன்றைக்கு அதன் முன்னால் போய் நின்று, அம்மா தைத்த உறையை மரியாதையாக எடுத்து மடித்து வைத்தார்.

"அவனுக்கு இதானே ஆயுதம். இதுக்குப் பூச போடாம என்ன பூச?"

அம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். டப்பாவின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் பிரஸ் ஆபரேட்டர் ஆயிற்றே.

"மேல் மூடிக்கு வச்சா மிஷினுக்கு வச்ச மாதிரியா? உள்ள மோட்டாருக்கு வைக்கணும்."

டூல்ஸ் பையை எடுத்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. அதை ஊதித் துடைத்தார். சுற்றுகிற சத்தம் எதிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கனமான ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதைத் தனியாக வெளியே எடுத்தார். சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அடங்காத நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். அதற்கும் அவரிடம் டிரைவர் இருந்தது, அதுதான் எங்கள் தலைவிதி. மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு வட்டத் தகடு இருந்தது. அவ்வளவு சுத்தமான கண்ணாடியை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. குனிந்தேன், என் முகமும் ரிப்பனும் அப்படியே தெரிந்தன. அப்பாவின் விரல் பட்டு ஒரு ரேகை விழுந்தது. வேஸ்ட் காட்டனால் அதைப் பளபளவென்று துடைத்தார்.

"பேரிங்கு காஞ்சு கெடக்கும் பாவம். எத்தன நாள் ஓட்டிருக்கான்."

நடுவில் ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டார். விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தார். மூடி, ஸ்க்ரூ போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் செருகி, இருந்த இடத்திலேயே மாட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

மாமா வந்தபோது அப்பா பொரி தின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, உன் மிஷினுக்கும் பூச போட்டாச்சு. பேரிங்குக்கு ஆயில் விட்ருக்கேன். இனிமே சத்தமே வராது பாரு."

மாமா பட்டனை அழுத்தினார். டிக், டிக், டிக். வேறொன்றும் இல்லை. டப்பாவைத் திறந்து, பூவையும் சந்தனத்தையும் பார்த்தார். அந்த இரும்புப் பெட்டியின் ஓரத்தில் கசிந்திருந்த எண்ணெயை விரலால் தொட்டு, முகர்ந்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆசையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு கொடுத்தவர் அதைப் பிரிக்கிறவரைப் பார்ப்பது போல. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

"வோல்டேஜ் ஏறி இறங்கிருச்சு போல மச்சான்" என்றார் கடைசியில். "அதான் போயிருச்சு."

"இல்ல, அப்பாதான அத..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் மேல்கையைப் பிடித்துக் கிள்ளினாள். கன்றிப்போய் வெகுநாள் இருந்தது.

அந்த இரும்புப் பெட்டிதான் ஹார்ட் டிஸ்க், பாட்டெல்லாம் பதிந்திருந்தது அந்தக் கண்ணாடித் தகட்டில்தான். எல்லாம் போயிற்று. சூளகிரி போயிற்று, ஓனரம்மாவின் தேவுடா போயிற்று, என் கத்தல் போயிற்று. கேசட்? ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்ப அழித்துப் பதிந்தவர் அவர். பெங்களூர்க்காரர், லீவுக்குப் பிறகு வெறுங்கையோடு போய் நின்ற மாமாவை இரண்டாவது தடவை உள்ளே விடவில்லை. நான் அழுதேன். மாமாவுக்காக என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு என் குரல் வேண்டும் என்றுதான் அழுதேன்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? கரண்ட் ஆபீஸைத் தெருவெல்லாம் கேட்கத் திட்டினார். அடுத்த மாதமே ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவந்தார். அடுப்புக் கல் மாதிரி கனம். செத்துப்போன கம்ப்யூட்டருக்கு ஸ்டெபிலைசர்! அதற்குப் பதிலாக வேறொரு டிஸ்க் வாங்கியிருக்கலாம் என்று யார் சொல்வது? சொன்னால் எது கெட்டது என்று சொல்ல வேண்டிவரும். அந்த வீட்டில் எல்லோருக்கும் வாய் இருந்தது, யாரும் அதைத் திறக்கவில்லை.

மறு வருஷம் மாமாவுக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. வந்த வாரமே வேலையை விட்டார். வீடு இரண்டாகப் போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாததற்கே ஒரு மணி நேரம் திட்டுகிற அப்பா, "போயிட்டு வா மாப்ள. சாப்பாட்டுக்கு இங்க வந்துரு" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு ஆச்சரியம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அதன் பிறகான கதை உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். அத்திப்பள்ளியில் ஒரு ரூம், கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் சர்வீஸ், நாலைந்து வருஷம் யாருக்கும் தெரியாத பாட்டுகள், பிறகு திடீரென்று எல்லார் போனிலும் அவர் குரல். ஒரு சினிமாக்காரர் கூப்பிட்டு, பாட்டில் தெலுங்கும் கன்னடமும் கலக்க வேண்டாம், சுத்தமாக மெட்ராஸ் பாஷையில் எழுது என்றாராம். எழுந்து வந்துவிட்டார். இன்னும் வாடகை வீடு, இன்னும் ஒரு பழைய பைக். சொன்னால் சிரிப்பார். பழைய பாட்டு எதையும் அவர் மறுபடி பாடவில்லை. தாளம் மட்டும் அதேதான். தகரத் தட்டோடு இன்னொரு மத்தியானம் வந்து அப்பாவின் காலடியில் வைத்துப் பதிந்துகொண்டு போனார். பேட்டிகளில் முதல் ஆல்பம் என்ன ஆயிற்று என்று கேட்டால், வோல்டேஜ் என்பார். அந்த வீடியோக்களுக்குக் கீழே பையன்கள் கரண்ட் ஆபீஸைத் திட்டி எழுதியிருப்பார்கள்.

பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார். ஆயுத பூஜைக்கு மட்டும் எங்காவது நிகழ்ச்சி என்று சொல்லிவிடுவார். இந்த வருஷம்தான் வந்தார், மறுநாள் கிருஷ்ணகிரியில் பாட வேண்டியிருந்ததால். வேட்டியோடு அப்பா ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். என் ஸ்கூட்டர், மிக்ஸி, என் மகளின் சைக்கிள். என் மகள் சும்மா இருக்காமல் மாமாவின் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அடுத்த ஆல்பம் அதற்குள்தான் இருந்தது. நான் ஓடுவதற்குள் அப்பா அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

நின்றார். சந்தனம் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு நீயே வச்சுக்க மாப்ள."

"ஏன் மச்சான், நீங்க வைங்க."

"வேணாம்ப்பா." அப்பா அவரைப் பார்க்கவில்லை. "ஒருக்கா ஆயில் விட்டதே போதும்."

மாமா கையில் வைத்திருந்த பொரி அப்படியே இருந்தது. "அது வோல்டேஜ் மச்சான்" என்றார்.

"ஆமாமா" என்றார் அப்பா. "வோல்டேஜ்தான்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே எதற்கும் உதவாத அந்த ஸ்டெபிலைசர் இன்னும் கிடக்கிறது. குனிந்து, மற்ற எதற்கும் வைக்காத அளவுக்குப் பெரிதாக அதற்கொரு பொட்டு வைத்தார். இத்தனை வருஷம் தெரிந்தே கரண்ட் ஆபீஸைத் திட்டினாரா இந்த மனுஷன்? அவருக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் மாமாவும் ஊரெல்லாம் பேட்டி கொடுத்தாரா? நடுவில் நான் எதற்கு வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்? இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் சுண்டல் தட்டோடு நின்றிருந்த அம்மா, என் மேல்கையைப் பிடித்துக் கிள்ளினாள். அதே இடம். வலித்தது.